கையிருப்பு

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உன் மனைவி எப்படி இருக்கிறாள்? பாப்பா கல்லூரிக்குப் போன பிறகு எனக்கு ஒரு வரி எழுதவில்லை என்பதை அவளிடம் சொல்.

என் பிள்ளை சிட்டு வந்துவிட்டான். ஆனால் வீட்டுக்கு வரவில்லை. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கும் கப்பலில் இருக்கிறான். மொட்டைமாடியில் நின்றால் கப்பல் தெரிகிறது. பச்சை உடம்பு, வெள்ளை மேல்கட்டு, ஒரு பக்கம் துரு. அவன் இரண்டாம் அதிகாரியாக ஏறிய முதல் கப்பல். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று அவனைப் பார்த்து. அறையைத் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டு வைத்தேன். மெத்தையைத் திரும்ப உள்ளே எடுத்துப் போட்டாயிற்று.

காரணம் கேட்டால் கோதுமைக்கான பணம் போய்ச் சேரவில்லையாம். கப்பல் நிறையக் கோதுமை. நம் ஊர் மாவு மில்லுக்கு வந்தது. பணம் சேர்ந்தால்தான் சரக்கை இறக்கலாம். இறக்கினால்தான் ஆட்களை விடுவார்கள். நான் நேரே வங்கிக்குப் போனேன். மேலாளர் மரியாதை தெரிந்தவர், எழுந்து நாற்காலி போட்டார்.

"பணம் நாங்க அனுப்பிட்டோம்மா. எங்க பக்கம் ஒரு குறையும் இல்ல. நடுவுல நிக்குது."

"நடுவுலன்னா எங்க?"

"உங்க தம்பி இருக்கற ஊர்லதான்."

"கோதுமை விளைஞ்சது பக்கத்து நாட்டுல. வாங்கினது நாம. அந்த ஊர்ல ஒரு மணி கூட முளைக்கலையே. பணம் எதுக்கு அங்க போச்சு?"

"எல்லாப் பணமும் அங்க போயிட்டுத்தாம்மா வரும்." மழைக்காலம் எப்போது என்று சொல்வது போலச் சொன்னார். "அவங்க ஊர்ப் பணத்துல விலை பேசியிருக்கு. அவங்க பணம்னா அவங்க வாசல் வழியாத்தான் போகணும். நம்ம மந்திரி அந்த உலக மாநாட்டு ஓட்டெடுப்புல அவங்களுக்கு எதிரா கை தூக்கினாரில்ல, அதுலேர்ந்து நம்மள வாசல்லயே நிக்க வெச்சுட்டாங்க."

மந்திரி கை தூக்கியதைத் தொலைக்காட்சியில் நானும் பார்த்தேன். சட்டைக் கையில் பட்டன் போட்டிருக்கவில்லை. அதைத்தான் கவனித்தேன்.

நீ வேலை செய்வது அந்த வாசலில்தானே? வரும் பணத்தை நிறுத்திப் பார்த்து அனுப்பும் பிரிவு என்று நீயே பெருமையாக எழுதியிருந்தாய். பார்த்துச் சொல். போனில் நம் ஊர்ப் பேச்சு வந்தால் அலுவலகத்தில் விசாரிப்பார்கள் என்று நீ சொன்னதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
உன் அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே மூவரும் சுகம். முழங்காலுக்குத் தைலம் அனுப்பலாம் என்று போனேன். உங்கள் நாட்டுக்குப் பார்சல் எடுப்பதில்லை என்று தபால் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கடிதம் மட்டும் இன்னும் போகிறது.

அந்தப் பணம் எங்கள் அலுவலக மாடியில்தான் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதே சரியில்லை. திரையில் ஒரு வரி, அதன் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். நம் நாட்டிலிருந்து வருவது எதையும் நான் தொடக்கூடாது. வேலையில் சேரும்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு இரண்டு மேசை தள்ளி இருக்கும் பெண்ணின் திரையில் அதைப் பார்க்கிறேன். அவள் காபி வாங்கப் போகும்போது பார்க்கிறேன்.

எதற்கு இந்த ஊர்ப் பணம் என்று கேட்டிருந்தீர்கள். கோதுமை விற்பவனுக்கு எண்ணெய் வாங்க இது வேண்டும். எண்ணெய் விற்பவன் இதைச் சேர்த்து வைக்கிறான், ஏனென்றால் நாளைக்கு எவனும் இதை வேண்டாம் என்று சொல்லமாட்டான். எல்லோரும் வைத்திருப்பதால் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் இதில் ஒரு ரகசியமும் இல்லை. இங்கே யாரும் துப்பாக்கி எடுப்பதில்லை அக்கா. ஒரு புள்ளியின் நிறத்தை மாற்றினால் போதும்.

ஒரு வழி இருக்கிறது. பொதுமக்களின் உணவு என்றால் இந்தத் தடையிலிருந்து விலக்குக் கேட்கலாம். சரக்கு சேரும் ஊர்க்காரர்கள் மனு எழுதி எங்கள் வங்கி மூலமாக மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். நாலு வரி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். "இது பொதுமக்களுக்கான உணவு" என்பதுதான் அதில் முக்கியம். அதை அப்படியே படியெடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். அவர்கள் கட்டத்தில் டிக் போடுகிறவர்கள். கட்டுரை படிக்கிறவர்கள் இல்லை.

மாப்பிள்ளை சிட்டுவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். ஒத்தடம் கொடுக்கிறேன். கால் வலி ரொட்டிக் கடை வரிசையில் நிற்பதால் வருகிறது. அதற்கு ஒத்தடம் ஒன்றும் செய்யாது.

கப்பலில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். கேப்டன் வெளிநாட்டுக்காரர். அவருடைய நாட்டுத் தூதரகம் வந்து அழைத்துப் போயிற்று. மற்றவர்களும் அப்படியே. கப்பல் முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. துறைமுக நீதிமன்றம் கப்பலைப் பிடித்து வைத்து, அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று சிட்டுவின் பெயரை எழுதிவிட்டது. கப்பல் ஏஜெண்டிடம் கேட்டேன்.

"சொந்த ஊர்க்காரன், எங்கயும் ஓடமாட்டான்னு போட்டுட்டாங்கம்மா."

"சொந்த ஊர்க்காரன்னா வீட்டுக்கு விடணும்."

"பொறுப்பாளர் இறங்கினா கப்பல் அநாதையாயிடும். சட்டம் அப்படி."

"கப்பல் அநாதையாகக் கூடாது. என் பிள்ளை ஆகலாம்."

அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டார். பாவம், அவருக்கும் நாலு மாதச் சம்பளம் வரவில்லை. சிட்டுவோடு சமையல்காரரும் ஒரு என்ஜின் உதவியாளரும் இருக்கிறார்கள். அவர்களுடைய நாட்டுக்கு இங்கே தூதரகம் இல்லை.

மனு அனுப்பிவிட்டேன். நீ எழுதித் தந்தது ஐந்தாம் வகுப்புப் பையனின் விடுமுறை விண்ணப்பம் போல இருந்தது. திருத்தி எழுதினேன். அந்த நாட்டு மொழியிலேயே எழுதத் தெரியாதவள் இல்லை நான். மடத்துப் பள்ளியில் மதர் என்னைத்தான் பிஷப்புக்கு வரவேற்புரை படிக்க நிறுத்துவார். ஆனால் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குப் புரியாத மொழியில் எழுதி வாங்குவது ஏமாற்று. நம் மொழியில் எழுதி, வீடு வீடாகப் படித்துக் காட்டி, தெரு முழுவதும் கையெழுத்து வாங்கினேன்.

"பொதுமக்களுக்கான உணவு" என்பது அரைகுறை. அந்த மில்லின் பங்கீட்டு அறிவிப்பு, நான் அரசு அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த காலம் முழுவதும் என் மேசை வழியாகத்தான் போயிற்று. அதனால் சரியாக எழுதினேன்: "இக்கோதுமை நகரின் ரேஷன் கடைகளுக்கும், மருத்துவமனைகளுக்கும், சிறைச்சாலைக்கும், கடற்கரையிலுள்ள இரு படைமுகாம்களின் சமையற்கூடங்களுக்கும் பங்கிடப்படுகிறது." யாரும் பின்னால் வந்து இவர்கள் மறைத்தார்கள் என்று சொல்லக்கூடாது. நம் வீட்டில் அப்படி எழுதிப் பழக்கமில்லை.

உன் அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது? தாமதத்துக்கு மன்னியுங்கள்.

மனு வந்தது. உங்கள் கையெழுத்து இத்தனை வருஷத்தில் கொஞ்சமும் மாறவில்லை. படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது போல இருந்தது.

ஒரு சிறு சங்கடம். தபாலில் காகிதம் நனைந்துவிட்டது. அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள். நான் முன்பு அனுப்பிய நாலு வரியை மட்டும் வேறு யாரையாவது எழுதச் சொல்லி, பத்துப் பேர் கையெழுத்தோடு என் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். நாலு வரி மட்டும். தயவுசெய்து.

தம்பி


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். நான் நலம்.

நனைந்த காகிதத்தில் என் கையெழுத்து மாறவில்லை என்று கண்டுபிடித்த முதல் ஆள் நீதான். உன் மேசை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் உன் புத்தகப் பையைத் துழாவித்தான் வீட்டுப் பாடத்தை எடுப்போம். என்னிடம் பிரதி இருந்தது. அதை ஒரு எழுத்து மாற்றாமல் தட்டச்சு செய்து, மறுபடியும் கையெழுத்துகள் வாங்கி, நேரே மேலிடத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இனி அது உன் மேசையில் நனைய வேண்டியதில்லை.

நேற்று சிட்டுவைப் பார்த்தேன். தண்ணீர் கொண்டுபோகும் படகில் ஏஜெண்ட் என்னை ஏற்றிக்கொண்டார். கப்பலில் ஏறக்கூடாது என்று உத்தரவு. கீழே படகில் உட்கார்ந்தபடி, அண்ணாந்து பார்த்துப் பேசினேன். தாடி வளர்த்திருக்கிறான். அவன் அப்பா ஒரு நாள் தாடியோடு வெளியே போனதில்லை.

"அம்மா, கண்ணாடி மாத்திட்டியா?"

"போன வருஷமே மாத்தினேன். நீ சவரம் பண்றதில்லையா?"

"குடிக்கவே தண்ணி அளந்து குடிக்கிறோம்மா. தாடிக்கு யாரு குடுப்பா?"

சமையல்காரர் அவன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "அம்மா, உங்க பையன் கோதுமையப் பச்சையா மென்னு திங்கிறான். சொல்லுங்க. என் தொழிலுக்கே அவமானம்."

"வேகவெச்சா மட்டும் என்னவாம்? அவர் சமையலுக்கு அது பரவாயில்லம்மா."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அவன் கேட்டான்: "எப்பம்மா விடுவாங்க?"

"மனு போயிருக்கு. மாமா இருக்காரு."

"மாமா இருக்காரு," என்றான். அவன் ஒத்துக்கொண்டானா கேட்டானா என்று தெரியவில்லை. படகு திரும்பிவிட்டது.

கப்பலுக்குள் கோதுமை சூடேறுகிறதாம். ஜெனரேட்டருக்கு டீசல் குறைவதால் காற்றுப் போக்க முடியவில்லை. வேறொரு பெரிய நாட்டின் பணத்தில் கொடுக்கிறோம் என்று மந்திரி அறிவித்தார். விற்றவர்கள் சம்மதித்தாலும் காப்பீட்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லையாம். அவர்களுக்கும் உங்கள் ஊர்ப் பணம்தான் வேண்டுமாம். ஆக, பசிக்கிறவர் ஒரு பக்கம், கோதுமை ஒரு பக்கம், நடுவில் நீங்கள்.

அவன் கேட்டதற்குப் பதில் எழுது.

உன் அக்கா


ஜூன் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இதை ஏஜெண்ட் மூலமாக உனக்கு மட்டும் அனுப்புகிறேன். படித்தபின் கடலில் போட்டுவிடு.

விலக்குக் கிடைக்காது. அம்மாவின் மனுவில் கடைசியாக இரு படைமுகாம்களின் சமையற்கூடங்கள் என்று வருகிறது. உணவு என்ற கட்டத்தில் டிக் போட எல்லாம் தயாராக இருந்தது. முகாம் என்ற சொல் வந்துவிட்டால் அது படைக்கான சரக்கு. அதற்கு விலக்கே கிடையாது. முதல் மனுவை நான் மேலே அனுப்பாமல் வைத்திருந்தேன். நனைந்துவிட்டது என்று அக்காவிடம் பொய் சொன்னேன். அக்கா பிரதியை நேரே மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

மேலிடத்தில் நம் மொழி தெரிந்தவர் இல்லை. மொழிபெயர்க்கச் சொல்லி அது எங்கள் பிரிவுக்கே வந்தது. என் அதிகாரி அதை என் மேசையில் வைத்தார். என் அக்கா எழுதியது, நான் தொடக்கூடாது என்றேன். "அதனாலதான் உன்கிட்ட குடுக்கறேன். நீ யாருன்னு எங்களுக்கும் தெரியணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்தக் கடைசிச் சொற்களை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். வேறொருவரிடம் காட்டிச் சரிபார்த்தால் அகப்படுவேன். பாப்பாவின் படிப்பு, வீட்டுக் கடன், இங்கே தங்கும் அனுமதி எல்லாம் கண்ணில் வந்து நின்றன. முழுவதையும் மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அக்காவுக்கு இது தெரியவேண்டாம். அவர்கள் எழுதிய ஒரு வரியால் நீ அங்கே இருக்கிறாய் என்று தெரிந்தால் அவர்களால் தாங்க முடியாது. வேறு காரணம் ஏதாவது எழுதிவிடுகிறேன்.

மாமா


ஜூன் 27

மாமாவுக்கு,

வணக்கம். நான் இருக்கிறேன். சமையல்காரருக்குக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை.

கடிதம் கிடைத்தது. கடலில் போட்டுவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

கோதுமை முளைத்துவிட்டது. கிடங்கு மூடியைத் திறந்தால் புளித்த நாற்றம். மேலே வெள்ளையாக வேர் பின்னிக் கிடக்கிறது. கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்குகிறது. நாலு நாளைக்கு ஒரு முறை நிலைமை அறிக்கை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். "சரக்கு: கோதுமை" என்றுதான் இன்னும் எழுதுகிறேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

போன வாரம் மூன்று பேர் வந்து கப்பலை அளந்து பார்த்தார்கள். ஏலம் விடப்போகிறார்களாம். ஏலம் கேட்பவர் உங்கள் ஊர்ப் பணத்தில் மட்டும் கட்டவேண்டுமாம். உள்ளூரில் ஒருவரிடமும் அது இல்லை. அதனால் வாங்கப்போவது யாரென்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்கிறீர்கள். அது அம்மாவைக் காப்பாற்றவா, உங்களையா?

பாப்பாவை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

சிட்டு


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி?

மனுவை நிராகரித்துவிட்டார்கள். காரணம் நான்தான். நீங்கள் நேரே அனுப்பிய பிரதியும் எங்கள் பிரிவுக்கே திரும்பி வந்தது. வேலை மும்முரத்தில் அது என் இழுப்பறையில் தங்கிவிட்டது. உரிய நாளுக்குள் சேர்க்கவில்லை. நீங்கள் எழுதியதில் ஒரு குறையும் இல்லை. தவறு முழுவதும் என்னுடையது.

வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன் என எழுத நினைத்தேன். இல்லை என்று எனக்குத் தெரியும்.

தம்பி


ஆகஸ்ட் 4

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் சுகம் என்று அறிந்தேன்.

இழுப்பறை நிறைய வேலை வைத்திருக்கும் தங்களைத் தொந்தரவு செய்ததற்கு வருந்துகிறேன். என் மகன் அந்த இழுப்பறையில் இருந்தான். தாங்கள் திறக்கவில்லை.

ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருஷமும் மத்திய வங்கியின் ஆண்டறிக்கையை மெய்ப்புப் பார்த்தவள் நான். அதில் "அந்நியச் செலாவணிக் கையிருப்பு" என்று ஒரு தலைப்பு வரும். எண்களைச் சரிபார்ப்பேன், ஒற்று மிகுமா என்று பார்ப்பேன், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். இப்போதுதான் தெரிகிறது. அந்தப் பணம் ஒரு நாளும் எங்கள் கையில் இருந்ததில்லை. தங்கள் ஊரில், தங்கள் வங்கியில், தங்கள் கையில் இருந்தது. நாங்கள் உழைத்துச் சேர்த்ததை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, அதற்குக் கையிருப்பு என்று பெயரும் வைத்தோம். அந்தச் சொல்லை அடித்து, ஓரத்தில் "யார் கை?" என்று எழுதியிருக்க வேண்டும். என் வேலைக்காலத்தில் நான் விட்ட பிழை அது.

ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் தையல்காரி கேட்டாள்: "உங்க தம்பி அங்கதான இருக்காரு? சொந்தக்காரங்க இருந்தா கொஞ்சம் பாத்து விடமாட்டாங்களா?" எனக்குத் தம்பி இல்லை என்றேன். அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். மனுவைப் படித்துக் காட்டியபோது தம்பி இருக்கிறான் என்று சொல்லித்தான் அவளிடம் கையெழுத்து வாங்கினேன்.

இனிக் கடிதம் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
மனுதாரர்


செப்டம்பர் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

கப்பலை விற்றுவிட்டார்கள். உடைக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகப் போகிறார்கள். ரொம்ப தூரம். அங்கே ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கும்வரை பொறுப்பாளர் கூடவே போகவேண்டுமாம். சம்பளப் பாக்கி தருவார்களா என்று கேட்டேன். கணக்கில் ஏறிவிட்டதாம். எந்தக் கணக்கு என்று கேட்டால் மாமா ஊர் வங்கி. அங்கேயே நிற்கிறதாம். சமையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கோதுமையை வெளியே கொண்டுபோய்க் கடலில் கொட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் நான்தான் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

இழுத்துப் போகும்போது படகில் வராதே அம்மா. கீழேயிருந்து உன்னால் அண்ணாந்து பார்க்க முடியாது, கழுத்து வலிக்கும். மாடியிலேயே நில். நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமாவிடம் பேசு. எனக்காக.

சிட்டு


அக்டோபர் 20

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். நான் நடமாடுகிறேன். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

சிட்டு போய்விட்டான். இரண்டு இழுவைப் படகுகள் வந்தன. மாடியில் நின்றேன். கப்பல் திரும்பியபோது மேல்கட்டு மறுபக்கம் போய்விட்டதால் அவன் நின்றது எனக்குத் தெரியவில்லை. நான் நின்றது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

விற்பனை முடிந்ததும் நீதிமன்றத்தில் எல்லாக் காகிதங்களுக்கும் பிரதி கொடுத்தார்கள். மனுதாரர் என்பதால் எனக்கும் ஒரு கட்டு வந்தது. மேலிடம் நீதிமன்றத்துக்கு அனுப்பியவையும் அதில் இருந்தன. முதலில் என் மனு. அடுத்து உன் மொழிபெயர்ப்பு இருந்தது. கீழே உன் கையெழுத்தும் மே மாதத் தேதியும். அதற்கடுத்து மேலிடத்தின் முடிவு. படைமுகாம் வரும் வரியின் கீழே யாரோ கோடு போட்டிருந்தார்கள். உரிய நாளுக்கு முன்பே நீ சேர்த்துவிட்டாய். இழுப்பறை என்று ஒன்று இல்லை.

கட்டை மூடி வைத்துவிட்டுத் தெருவுக்குப் போனேன். கையெழுத்துப் போட்ட எல்லா வீட்டுக்கும் போய், கோதுமை வராமல் போனதற்கு எந்த வரி காரணம், அதை எழுதியது யார் என்று சொன்னேன். சிலர் உட்காரச் சொன்னார்கள். ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டார். தையல்காரி மட்டும் கேட்டாள்.

"அத எழுதாம இருந்திருக்கலாமில்லம்மா?"

"இருந்திருக்கலாம்," என்றேன்.

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டீங்கதான?"

வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்தேன். இப்போதும் தெரியவில்லை.

ஏன் விடாமல் மொழிபெயர்த்தாய் என்று உன்னைக் கேட்கமாட்டேன். ஏன் எழுதினாய் என்று நீ என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே, ஐயா என்றும் தாங்கள் என்றும் என்னை எழுதவிட்டாய். அதை மட்டும் நீ செய்திருக்க வேண்டாம்.

உன் மொழிபெயர்ப்பை என் மனுவோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்தேன். ஒரு காற்புள்ளி கூட இடம் மாறவில்லை. சமையற்கூடம் என்பதற்கு நீ போட்டிருக்கும் சொல் நான் போட்டிருக்கக் கூடியதைவிடச் சரியானது. பிழை எதுவும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடிக்க வேண்டும். எழுதிவிட்டேன்.

அக்கா